முதல்ல பந்துல காத்தைக் குறைங்க

போன வருஷம் ஜூன்ல ஸ்கூல் திறந்து ரெண்டாவது திங்கக்கிழமை, காலையில ஆறு மணிக்கு எங்க ஊர் நடுநிலைப் பள்ளிக்கூட கிரவுண்டுக்கு 23 பிள்ளைங்க வந்துச்சுங்க. ஆறு, ஏழு, எட்டாம் கிளாஸ். பையங்க 14, பொம்பளப் பிள்ளைங்க 9. ஹெட்மாஸ்டர்கிட்ட போய் "சார், காலையில ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கட்டுமா"ன்னு கேட்டிருந்தேன், அவரும் பிரேயர்ல ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரு, அவ்வளவுதான், இவ்ளோ கூட்டம். எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. வியாழக்கிழமை வந்தது பத்து பேரு. சனிக்கிழமை ஏழு. அந்த ஏழுல ஒரு பொம்பளப் பிள்ளைகூட கிடையாது.

ஞாயித்துக்கிழமை பால் வாங்கப் போன இடத்துல ஏழாம் கிளாஸ் படிக்கிற பிள்ளை ஒண்ணு நின்னுச்சு. "ஏட்டி, ஏன் வரல?"ன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லாம முழங்கையை நீட்டிக் காமிச்சா. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் உள்பக்கம் பூரா பொட்டுப் பொட்டா சிவந்து போய் சில இடத்துல நீலமா கன்னியிருந்துச்சு. "ராத்திரி பூரா எரிஞ்சிச்சு மாமா. எங்க அம்ம ஏசுதா, இனிமே போவக்கூடாதுன்னுட்டா."

வீட்டுக்கு வந்து பந்தை எடுத்து கட்டைவிரலால அமுக்கிப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு, ஒரு நூல்கூட உள்ள போகல. முந்தின வாரம்தான் சைக்கிள் கடையில குடுத்து "நல்லா டைட்டா அடிங்க அண்ணாச்சி"ன்னு நானே சொல்லி அடிச்சுட்டு வந்தது. வாலிபால்ல இருக்க வேண்டிய காத்து 0.30ல இருந்து 0.325 கிலோ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. சைக்கிள் டியூப்புக்கு அடிக்கிற காத்துல அது பத்துல ஒரு பங்கு பக்கம்தான் வரும். இது எனக்குத் தெரியாத விஷயமே இல்ல, பதினாறு வருஷம் ஆடியிருக்கேன், ஆனா பெரியவங்க கைக்குக் காத்து கொஞ்சம் கூடக் குறைய இருந்தா பெருசா தெரியாது, மரத்துப் போன கை, அதனால பதினோரு வயசுக் கைக்கு அது எப்படி இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. பிள்ளைக்கு விளையாட்டு பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், பிள்ளைக்கு வலிச்சிருக்கு.

அந்த ஞாயித்துக்கிழமைல இருந்து நான் கத்துக்கிட்டதுதான் இந்தப் பதிவு. என்னை மாதிரி ஊருக்குள்ள பிள்ளைகளைச் சேத்து வாலிபால் சொல்லிக்கொடுக்கிறவங்க, கிராமத்து ஸ்கூல்ல தனியாளா எல்லா கேமையும் பாத்துக்கிற பி.டி. சார்கள், டீச்சர்கள், யாருக்காவது பிரயோஜனப்படும்னு எழுதுறேன். எனக்கு கோச்சிங் சர்டிபிகேட் எல்லாம் கிடையாது. வேலை உரக்கடையில, கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், அதனால காலை நேரம் என் கையில இருக்கு. ஊர் டீம்ல லிஃப்டரா, அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் குடுக்கிறவனா, ஆடினவன். எங்க பக்கம், சாத்தான்குளம் உடன்குடி சுத்துவட்டாரத்துல, கோயில் கொடைன்னா ஒரு பக்கம் வில்லுப்பாட்டு நடக்கும், இன்னொரு பக்கம் ரெண்டு டியூப்லைட் கம்பத்தை நட்டு மின்னொளி கைப்பந்துப் போட்டி நடக்கும். விடிய விடிய ஆடுவாங்க. நான் கத்துக்கிட்டதும் அங்கதான், அண்ணன்மார் ஆடும்போது வெளிய நின்னு பந்து பொறுக்கிப் போட்டு, ஆள் குறைஞ்சா உள்ள இறங்கி, தப்பா எடுத்தா வசவு வாங்கி. என்கூட பந்து பொறுக்கினவங்க இருவது பேராவது இருப்பாங்க. கடைசில ஆட்டத்துல நின்னது நானும் இன்னொருத்தனும். மத்தவனுக்கெல்லாம் ஆட வரலன்னு அப்போ சொன்னாங்க, நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போ யோசிச்சா, அவங்களுக்கு யாரும் சொல்லியே குடுக்கல. வலியைத் தாங்கினவன் நின்னான், தாங்காதவன் வீட்டுக்குப் போனான். அந்த முறையைத்தான் நானும் என்னை அறியாம இந்தப் பிள்ளைங்ககிட்ட செஞ்சிருக்கேன்.

இதுல ஒரு விஷயம் சொல்லணும். இந்த விளையாட்டு பொறந்ததே மென்மையா இருக்கணும்னுதான். 1895ல அமெரிக்காவுல ஹோலியோக்ங்கிற ஊர் ஒய்.எம்.சி.ஏ.ல வில்லியம் மார்கன்னு ஒரு உடற்பயிற்சி டைரக்டர், வயசான வியாபாரிங்க சாயங்காலம் வந்து உடம்பை அசைக்கிறதுக்கு பாஸ்கெட்பால் ரொம்ப முரட்டுத்தனமா இருக்குன்னு, டென்னிஸ் நெட்டைக் கொஞ்சம் உயரத்துல கட்டி இதை ஆரம்பிச்சாரு. அவர் கட்டின உயரம் ஆறரை அடி. முதல்ல பாஸ்கெட்பாலை வச்சுப் பாத்திருக்காரு, கனமா இருந்துச்சு, அதுக்குள்ள இருக்கிற பிளாடரை மட்டும் வச்சுப் பாத்திருக்காரு, ரொம்ப லேசா போச்சு, அப்புறம்தான் இதுக்குன்னே தனியா ஒரு பந்து செய்யச் சொல்லி ஆர்டர் குடுத்தாரு. பேரு அப்போ மின்டோனெட், மறு வருஷம்தான் வாலிபால்னு ஆச்சு. அதாவது ஆளுக்குத் தக்கபடி பந்தையும் நெட்டையும் மாத்துறதுதான் இந்த கேமோட முதல் வேலையே. நாம என்ன பண்றோம், ஆம்பளைங்களுக்கு வச்ச 2.43 மீட்டர் நெட்டை நாலடி ஆறு அங்குலப் பிள்ளை தலைக்கு மேல கட்டிட்டு "ஏலே தாண்டி அடி"ங்கிறோம்.

சரி, என்ன பண்ணேன்னு சொல்றேன்.

முதல் காரியமா கைப்பம்ப் ஒண்ணும் ஊசியும் வாங்கினேன், சைக்கிள் கடைக்குப் போறதையே நிறுத்திட்டேன். பிள்ளைங்களுக்கு முதல் ரெண்டு மாசம் பந்துல காத்து அளவை விடக் குறைவாவே வச்சேன், கட்டைவிரலால அமுக்கினா நல்லா அரை விரக்கடை குழியணும். அந்தப் பந்து மேல எழும்பாது, போட்டிக்கு ஆகாது, ஆனா கையில பட்டா தலகாணி பட்ட மாதிரி இருக்கும். அதுக்கும் முன்னாடி ஒரு வாரம் பலூன், அப்புறம் ஒரு வாரம் திருச்செந்தூர் கடற்கரையில விக்கிற பெரிய பிளாஸ்டிக் பந்து. பலூனைப் பாத்து எட்டாம் கிளாஸ் பையங்க சிரிச்சாங்க, சின்னப்பிள்ளை வெளாட்டுன்னு. பலூன் மெதுவா இறங்கும், அதுதான் அதோட அருமை, பிள்ளைக்கு கால் நகத்தி கீழ போய் நிக்க நேரம் கிடைக்குது. ரெண்டே நாள்ல சிரிச்சவனுங்களே பலூன் கீழ விழாம எத்தனை எண்ண முடியும்னு போட்டி போட்டு எண்ணிக்கிட்டிருந்தாங்க.

நெட்டுக்கு மணப்பாட்டுல சொந்தக்காரர் ஒருத்தர் கிழிஞ்ச மீன்வலை ஒரு துண்டு குடுத்தாரு. மேல விளிம்புக்கு பழைய வேட்டியைக் கிழிச்சு மடிச்சுத் தச்சு, ரெண்டு சவுக்குக் கம்புல கட்டினேன். உயரம் என்ன தெரியுமா, பிள்ளைங்கள்ல நடுத்தர உயரமா இருக்கிற ஒருத்தியை நிக்க வச்சு கையை மேல தூக்கச் சொல்லி, அவ மணிக்கட்டு எவ்ளோ உயரமோ அவ்ளோதான். கோர்ட்டும் 18க்கு 9 மீட்டர் கிடையாது. அந்தப் பெரிய கோர்ட்டுல சின்னப் பிள்ளைங்க ஆறு பேர் நின்னா பந்து விழுற இடமெல்லாம் காலி மணல்தான். குறுக்கா கயித்தைக் கட்டி மூணு சின்ன கோர்ட்டா பிரிச்சேன், ஒவ்வொரு பக்கமும் மூணு பேர். கோடு போட சுண்ணாம்பு வாங்கி வாங்கி மாளல, தேரி மணல்ல, அதாவது எங்க பக்கத்துச் செம்மணல்ல, காத்தடிச்சா அரை மணி நேரத்துல மூடிடும், இப்போ பச்சை நைலான் கயித்தையே நாலு மூலையிலயும் ஆணி அடிச்சு பதிச்சு வச்சிருக்கோம்.

கிரவுண்டு திசையையும் பாத்துக்கோங்க. எங்களுது முதல்ல கிழக்கு மேற்கா இருந்துச்சு, ஏழு மணி வெயில்ல மேற்குப் பக்கம் நிக்கிற பிள்ளைங்க எல்லாம் கண்ணைச் சுருக்கிக்கிட்டு பந்தைத் தேடுங்க. வடக்கு தெக்கா மாத்திக் கட்டின மறுநாளே பாதித் தப்பு காணாம போச்சு. நாம பிள்ளையைத் திட்டிக்கிட்டிருப்போம், பிள்ளைக்கு பந்தே தெரிஞ்சிருக்காது.

இப்போ அண்டர் ஹேண்டுக்கு, அதாவது ரெண்டு கையையும் சேத்து நீட்டி முன்கையால பந்தை எடுக்கிறதுக்கு, வரேன், ஏன்னா வாலிபால்ல ஒரு பிள்ளை இருக்குமா ஓடுமாங்கிறது இங்கதான் முடிவாகுது. கையைக் கட்டுறது சுலபம், ஒரு கையை முஷ்டியா மடக்கி இன்னொரு கையால பொத்திக்கணும், ரெண்டு கட்டைவிரலும் ஒட்டி சமமா நீட்டியிருக்கணும். விரலோட விரல் கோக்கவே கூடாது, பந்து விரல்ல பட்டா விடுவிக்க முடியாம மாட்டிக்கும். கட்டைவிரல் ரெண்டையும் தரையைப் பாத்து அமுக்கினா முழங்கை தானா நேராயிடும். பந்து பட வேண்டியது மணிக்கட்டுக்கு மேல நாலு விரக்கடைக்குள்ள, அந்த தட்டையான சதைப்பகுதியில. பிள்ளைங்க எலும்பு முட்டுல வாங்குறதாலதான் பாதி வலி. நான் மார்க்கர் பேனாவை எடுத்து ஒவ்வொரு பிள்ளை கையிலயும் அந்த இடத்துல ஒரு கட்டம் போட்டுவிட்டேன், பந்து கட்டத்துல பட்டுச்சா வெளிய பட்டுச்சான்னு அதுங்களே பாத்து சொல்லணும்.

ஆனா பெரிய தொல்லை வீச்சுதான். பந்து வந்த உடனே பிள்ளைங்க ரெண்டு கையையும் கீழ இருந்து மேல ஓங்கி வீசும். பந்து தலைக்குப் பின்னாடி போகும் இல்லன்னா மூஞ்சில அடிக்கும், கையும் எரியும். "வீசாத வீசாத"ன்னு நானும் தொண்டை வத்த கத்தினேன், ஒண்ணும் ஏறல. ஒருநாள் காலையில கிரவுண்டுக்கு எதிர்வீட்டு ஆச்சி திண்ணையில உக்காந்து சொளவுல (முறத்துல) உளுந்து புடைச்சுக்கிட்டிருந்தாவ. அதைக் காட்டி பிள்ளைங்ககிட்ட கேட்டேன், "ஆச்சி புடைக்கும்போது உளுந்து என்ன ஆவுது?" "மேல எழும்பிக் குதிக்கி." "இப்போ உளுந்தை யாராவது மேல இருந்து கொட்டினா, கீழ சிந்தாம வாங்க ஆச்சி என்ன செய்வாவ?" "சொளவை ஏந்துவாவ." அவ்வளவுதான். அதுக்கப்புறம் எங்க கிரவுண்டுல ரெண்டே வார்த்தை, 'புடைக்காத, ஏந்து'. கையைச் சொளவு மாதிரி ஏந்திட்டு, முட்டியை மடக்கி இறங்கி நின்னு, பந்து பட்ட நேரத்துல முட்டியால எழும்பணும், தூக்குற வேலை காலோடது. சொளவை எந்தப் பக்கம் சரிக்கிறோமோ உளுந்து அந்தப் பக்கம் போகும், பந்தும் அப்படித்தான். இதை நான் கோணம் அது இதுன்னு சொல்லியிருந்தா ஒரு பிள்ளைக்கும் புரிஞ்சிருக்காது.

கால் விஷயம் இன்னொண்ணு. பந்து பக்கவாட்டுல வந்தா பிள்ளைங்க நின்ன இடத்துல இருந்து கையை மட்டும் நீட்டும். அதுக்கு நான் கையே இல்லாம ஒரு விளையாட்டு வச்சேன், பந்தை மணல்ல உருட்டிவிடுவேன், பிள்ளை ஓடிப்போய் ரெண்டு காலுக்கும் நடுவுல பந்து போற மாதிரி நிக்கணும், கையால தொடக்கூடாது. பத்து நிமிஷத்துல இளைச்சிடுங்க, ஆனா பந்துக்கு நேரா உடம்பைக் கொண்டு போற பழக்கம் வந்துடும்.

பால் கடையில பாத்தேன்னு சொன்னேன்ல, அந்தப் பிள்ளை. அவ அம்மாகிட்ட நானும் என் வீட்டுக்காரியும் போய்ப் பேசினோம், என் தப்புதான்னு சொன்னேன், பந்தைக் குடுத்து அமுக்கிப் பாக்கச் சொன்னேன். அம்மா அமுக்கிப் பாத்துட்டு "இது பஞ்சு மாதிரில்லா இருக்கு, அப்போ சரி, வளையலைக் கழட்டிட்டுப் போவச் சொல்லுங்க"ன்னாங்க. அது நான் யோசிக்காதது. கண்ணாடி வளையல், கையில கட்டுற சாமிக் கயிறு, வாட்ச், நீளமா வளத்த நகம் எல்லாமே அண்டர் ஹேண்டுல கையைக் கிழிக்கும். இப்போ கிரவுண்டு ஓரத்துல ஒரு டப்பா இருக்கு, எல்லாத்தையும் அதுல கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள வரணும்.

அவ திரும்பி வந்தா, ஆனா பந்து கிட்ட வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்குவா. மெத்துன்னு இருக்கிற பந்துன்னு அவளுக்குத் தெரியும், ஆனாலும் கண்ணு கேக்கல, ஒரு தடவை பட்ட அடி உடம்புல பதிஞ்சு போச்சு. பயப்படாதன்னு சொன்னா பயம் போயிடுமா. பந்தோட ஒவ்வொரு பட்டையிலயும் மார்க்கரால அ, இ, உ, எ, ஒன்னு பெருசா எழுதினேன். நான் ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு மெதுவா தூக்கிப் போடுவேன், அவ பந்தைப் பிடிக்கவும் வேண்டாம் எடுக்கவும் வேண்டாம், கண்ணுல படுற எழுத்தை மட்டும் சத்தமா சொல்லணும். பந்து மார்ல பட்டு விழுந்தாலும் பரவாயில்ல. முதல் நாள் பத்துக்கு ரெண்டுதான் சொன்னா. நாலாவது நாள் "உ! அ! அ! எ!"ன்னு கத்திக்கிட்டே இருந்தா, அந்த நேரத்துல கை தானா ஏந்தியிருந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல, அவளும் கவனிக்கல. பந்து என் தலைக்கு மேல அழகா ஏறி வந்துச்சு. அப்போதான் பாத்தா, "மாமா, நானா எடுத்தேன்?"னா. பதினாறு வருஷத்துல ஜெயிச்ச கப், குத்துவிளக்கு எல்லாம் வீட்டுல இருக்கு, எதுவும் அந்த நிமிஷத்துக்கு ஈடாகாது.

அடுத்தது வரிசை. இதை பி.டி. சார்கள் கொஞ்சம் மனசுல வச்சுக்கணும்னு கையெடுத்துக் கேட்டுக்கிறேன். இருவது பிள்ளை, ஒரு பந்து, எல்லாரும் லைன்ல நிக்கணும், ஆளுக்கு ஒரு தடவை தொட்டுட்டு பின்னாடி ஓடணும். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஒருநாள் ஒரு பையனை மட்டும் பாத்து எண்ணினேன், முக்கால் மணி நேரத்துல பந்தைத் தொட்டது பதினோரு தடவை. மீதி நேரமெல்லாம் சும்மா நின்னு பக்கத்துல இருக்கிறவனைக் கிள்ளிக்கிட்டு இருந்தான், அவனைத் திட்டினதும் நான்தான். ஊர் டீம்ல ஒட்டுப் போட்ட பழைய பந்து நாலு வாங்கினேன், ரப்பர் பந்து மூணு, பிளாஸ்டிக் பந்து ரெண்டு. ரெண்டு பேருக்கு ஒரு பந்துன்னு ஆனதும் பத்து நிமிஷத்துக்குள்ள நூறு தடவை தொட்டுடுறாங்க. பந்து நல்ல பந்தா இருக்கணும்னு அவசியமே இல்ல இந்த வயசுல, ஆளுக்குப் பக்கத்துல ஒரு பந்து இருக்கணும்.

ஃபிங்கர் பாஸ், அதாவது தலைக்கு மேல விரலால பந்தைத் தள்ளுறது, எனக்கு உயிர், லிஃப்டர் இல்லையா. ஆனா இதை அவசரப்பட்டு சொல்லிக்குடுத்தா விரல் போயிடும். முதல்ல பந்தைத் தட்டவே விடமாட்டேன், நெத்திக்கு மேல பிடிக்க மட்டும்தான். ரெண்டு கட்டைவிரலும் ரெண்டு சுட்டுவிரலும் சேந்து ஒரு முக்கோண சன்னல் மாதிரி வரணும், அந்த சன்னல் வழியா பந்தைப் பாக்கணும், பிடிச்சுட்டு அப்படியே அசையாம நிக்கணும், நான் போய் கையைப் பாப்பேன். உள்ளங்கை பந்துல படக்கூடாது. சரியா கீழ வந்து நின்னாங்களான்னு பாக்க, சட்டுன்னு கையை எடுக்கச் சொல்லுவேன், பந்து நெத்தியில டொக்குன்னு விழுந்தா சரியான இடம், மூக்குல விழுந்தா பின்னாடி நிக்கான். காத்து குறைஞ்ச பந்துதானே, வலிக்காது, பிள்ளைங்களுக்கு இது பெரிய விளையாட்டா போச்சு. பிடிச்சுப் பழகினவங்க பிடிச்ச உடனே தள்ளணும், அப்புறம் பிடிக்காமலே தள்ளணும். இதுக்கு ஆறு வாரம் ஆச்சு.

விரல் மடங்கினா ஊர்ல உடனே ஒரு பெரியவர் வந்து இழுத்து சொடக்கு எடுத்து விடுவாரு. தயவுசெஞ்சு இழுக்க விடாதீங்க. ஐஸ் வைங்க, பக்கத்து விரலோட சேத்து டேப் போடுங்க, வீக்கம் வடியலன்னா, மடக்க முடியலன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்துடுங்க. வளர்ற எலும்பு. சின்ன வயசுல இழுத்துவிட்ட என் வலது சுண்டுவிரல் இன்னைக்கும் முழுசா நீளாது.

ஃபிங்கரும் அண்டர் ஹேண்டும் சரியா வரதுக்கு முன்னாடியே பிள்ளைங்களுக்கு மேட்ச் ஆடணும், அது நியாயம்தான், விளையாட வந்ததுங்க. அதுக்குப் பிடிச்சு எறியுற ஆட்டம் வச்சேன். நெட்டுக்கு மேல எறியணும், அந்தப் பக்கம் பிடிக்கணும், பிடிச்ச இடத்துல இருந்தே எறியணும், காலி இடம் பாத்து எறிஞ்சா பாயின்ட். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, நியூகாம் பந்துன்னு கிளாரா பேர்னு ஒரு டீச்சர் அமெரிக்காவுல ஒரு பெண்கள் காலேஜ்ல ஆரம்பிச்சாங்க, அதுவும் அதே 1895ல. இடம் பாத்து நிக்கிறது, "எனக்கு!"ன்னு கூப்பிடுறது, காலி இடத்தைக் கண்டுபிடிக்கிறது எல்லாம் இதுலயே வந்துடும். கூப்பிடுறது ரொம்ப முக்கியம், இல்லன்னா ரெண்டு பேரு மண்டையும் மோதும், இல்லன்னா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்க நடுவுல பந்து விழும். அடுத்த படியா முதல் தொடுதலை மட்டும் அண்டர் ஹேண்டுல எடுக்கணும், மத்தது பிடிக்கலாம். அப்புறம் தரையில ஒரு தடவை குத்தி எழும்பினாலும் எடுக்கலாம்னு ஒரு சலுகை, தேரி மணல்ல பந்து குத்தாது, அதுக்கு மட்டும் பிரேயர் நடக்கிற சிமெண்ட் தளத்துக்குப் போவோம். இப்படி ஒவ்வொரு சலுகையா எடுத்துக்கிட்டே வந்தா ஒருநாள் பாத்தா அதுங்க நிஜ வாலிபால் ஆடிக்கிட்டிருக்கும்.

சர்வீஸ் பத்தி எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. டிசம்பர்ல பக்கத்துல ஒரு ஊர்ல நடந்த போட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். எதிர் டீம் பிள்ளைங்க சர்வீஸ் மட்டும்தான் போட்டாங்க, ஓங்கி, கடைசிக் கோட்டுக்கு. எங்க பிள்ளைங்க எடுக்க முடியாம 25-8, 25-11னு தோத்துட்டு வந்தாங்க. இப்போ எந்தப் பக்கம் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ரேலிக்கும், அதாவது சர்வீஸ்ல இருந்து பந்து விழுற வரைக்கும் ஆடுற ஒவ்வொரு ஆட்டத்துக்கும், பாயின்ட்டுங்கிறதால, இந்த வயசுல சர்வீஸ் நல்லா போடுற ரெண்டு பிள்ளை இருந்தா போதும், ஜெயிச்சுடலாம். அதனால மாசக்கணக்குல சர்வீஸ் மட்டும் போடச் சொல்லி கப் வாங்குற டீம்கள் இருக்கு. எனக்கு அதுல சம்மதம் இல்ல. அந்தப் பிள்ளைங்க அன்னைக்கு ஜெயிச்சாங்க, ஆனா மூணு தொடுதலோட ஒரு ரேலிகூட ஆடல, பாஸ் வாங்கி லிஃப்ட் குடுத்து அடிக்கிற சந்தோஷத்தையே பாக்கல. சர்வீஸ் நானும் சொல்லிக்குடுக்கிறேன், இடது கால் முன்னாடி, பந்து இடது கையில இடுப்புக்குக் கீழ, மேல தூக்கிப் போடாம அப்படியே கையை விலக்கி வலது உள்ளங்கையோட அடிப்பகுதியால அடிக்கணும், முதல்ல நெட்டுல இருந்து நாலு மீட்டர், வாரத்துக்கு ஒரு எட்டு பின்னாடி. ஒரு நாளைக்கு பத்து நிமிஷத்துக்கு மேல கிடையாது.

ஷாட் அடிக்கிறது, இதுக்குத்தான் எல்லாப் பயலுவளும் வர்றான். போன்ல அந்த 2023 ஆசியப் போட்டி கிளிப்பைப் போட்டுக் காமிச்சேன், சீனாவுல ஹாங்சோவுல நம்ம இந்தியா டீம் தென்கொரியாவை அஞ்சு செட் ஆடி ஜெயிச்சது, அஞ்சாவது செட் 17-15. கண்ணு எல்லாம் அடிக்கிறவன் மேலதான். திருப்பித் திருப்பிப் போட்டு, அடிக்கு முன்னாடி பாஸ் எடுத்தது யாரு, லிஃப்ட் குடுத்தது யாருன்னு கேட்டேன். அந்த இந்தியா டீம்ல லிஃப்டரா இருந்த மோகன் உக்கிரபாண்டியன் நம்ம தமிழ்நாட்டுக்காரர்னு சொன்னேன். 1961ல அர்ஜுனா விருது ஆரம்பிச்சப்போ வாலிபாலுக்கு அதை முதல்ல வாங்கினது பழனிசாமிங்கிற நம்ம ஆளுன்னும் சொன்னேன், அதைக் கேட்டு எட்டாம் கிளாஸ் பையன் ஒருத்தன் நிமிந்து உக்காந்தான்.

அடிக்கிற கையை நான் தனியா சொல்லிக்குடுக்க வேண்டிய தேவையே சில பையங்களுக்கு இல்ல. புளியங்காய்க்குக் கல்லெறிஞ்சு பழகின கை, தோள் பின்னாடி போய் முழங்கை மேல வந்து சுண்டி இறங்குது, ஷாட் அதேதான். பொம்பளப் பிள்ளைங்க அந்த அளவுக்கு எறிஞ்சு பழகல, விட்டாத்தானே. அதனால அவங்களுக்கு டென்னிஸ் பந்து குடுத்து நெட்டுக்கு மேல தினம் முப்பது எறி. மூணு வாரத்துல கை அவங்களுக்கும் வந்துடுச்சு, அதுல ஒண்ணும் பொறப்பு விஷயம் கிடையாது. இடது வலது இடதுன்னு கால் எடுத்து வைக்கிறதை மணல்ல மூணு வட்டம் போட்டுப் பழக்கினேன்.

ஊர் டீம்கள்ல நெட்டையா இருக்கிறவனை முன்னாடி அடிக்க விட்டுட்டு குட்டையா இருக்கிறவனைப் பின்னாடியே நிறுத்தி வச்சிருவாங்க. பன்னெண்டு வயசுல அதைச் செய்யாதீங்க. இன்னைக்குக் குட்டையா இருக்கிறவன் பத்தாங் கிளாஸ்ல எப்படி வளருவான்னு யாருக்குத் தெரியும், எல்லாரும் எல்லா இடத்துலயும் ஆடணும். எங்க மூணு பேர் ஆட்டத்துல ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் சுத்திக்கிட்டே இருப்பாங்க.

சாப்பாடும் ஒரு விஷயம். அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் ஸ்கூல்லயே காலை உணவு இருக்கு, ஆறுக்கு மேல இல்ல. ஆறு மணிக்கு வெறும் வயித்தோட வந்து ஏழரைக்கு தலைசுத்தி உக்காந்தவன் ஒருத்தன் உண்டு. இப்போ முந்தின நாளே கொண்டைக்கடலை ஊறப்போட்டு என் வீட்டுக்காரி அவிச்சுக் குடுத்துவிடுறா, ஒரு துண்டு கருப்பட்டியும்.

இப்போ தினமும் பதினெட்டு பத்தொன்பது பேர் வர்றாங்க, அதுல பொம்பளப் பிள்ளைங்க எட்டு. ரெண்டு பேர் பெரியவளானதும் வீட்டுல நிறுத்திட்டாங்க, அதுல ஒருத்தியைப் பேசித் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டோம், இன்னொருத்தி வீட்டுல இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்.

போன செவ்வாக்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சு பந்தையெல்லாம் சாக்குல போட்டுக்கிட்டிருந்தேன். கண்ணை மூடிக்கிட்டு நின்னாளே, அந்தப் பிள்ளை, இப்போ எட்டாம் கிளாஸ், ஒரு பந்தை எடுத்துக்கிட்டு வந்து நின்னா. எழுத்தெல்லாம் தேஞ்சு அ மட்டும் லேசா தெரியுது.

"மாமா, இது எழும்பவே மாட்டேங்கி. லிஃப்ட் குடுத்தா பாதியிலயே நிக்கி. காத்தடிங்க."

பம்ப்பை எடுத்து, ஊசியைத் தண்ணியில நனைச்சு ஓட்டையில சொருகி, மெதுவா நாலு அடி அடிச்சேன். வாங்கி கட்டைவிரலால அமுக்கிப் பாத்தா. மணல்ல போட்டு எடுத்தா, ரெண்டு தடவை தலைக்கு மேல தள்ளிப் பாத்தா.

"இன்னும் ரெண்டு அடி"ன்னா.